பப்லுவுக்கு நல்ல தண்ணீர்

"யாரு தண்ணி ஊத்தினாலும் பப்லு கடிக்க வருது. உன்கிட்ட மட்டும் எப்படிடி கம்முனு நிக்குது?"

பிரசன்னா அண்ணன் இப்படிக் கேட்டபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, என்னிடம் யாரும் எதையும் எப்படி என்று கேட்டதில்லை. சாப்பிட்டியா, கேட்டைப் பூட்டினியா, அவ்வளவுதான். அண்ணனோ சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் குவளையை மோந்து பார்க்க விட வேண்டும். பிறகு பின்னங்கால், அப்புறம்தான் முதுகு. காதில் பஞ்சு வைக்க வேண்டும். தலையில் ஊற்றவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். நுரை போகிறவரை அவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"என்னா பேசுவ?"

"அய்யோ, போண்ணா" என்று உள்ளே ஓடிவிட்டேன்.

பப்லு வெள்ளைப் பொமரேனியன் நாய். அண்ணன்தான் குட்டியாகக் கொண்டுவந்து, "சும்மாதானே உக்காந்திருக்க, இது உனக்கு" என்று என் மடியில் போட்டான்.

அண்ணன் அப்படிக் கேட்டதற்கு அடுத்த ஞாயிறு காலையில் அம்மா, "பப்லுவை நல்லா குளிப்பாட்டு" என்றாள். வழக்கம்போல வாளியை போர் குழாயடியில் வைத்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. காய்ந்தால் அவன் முடி சடை சடையாக ஒட்டிக்கொள்ளும்.

"அது வேணாம். லாரித் தண்ணி ரெண்டு குடம் எடுத்துக்கோ."

லாரித் தண்ணீர் எங்கள் வீட்டில் சோற்றுக்கும் குடிக்கவும் மட்டும்தான். ஒருமுறை அதில் தலைக்குக் குளித்துவிட்டு முதுகில் அடி வாங்கியிருக்கிறேன்.

"நாய்க்காம்மா?"

"ஆமா, மகாராஜா இல்ல? ஊத்துடி."

அம்மாவுக்கும் அவனைப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நுரை என் முழங்கை வரை ஏறியது. துவட்டி, வெயிலில் நிறுத்தி, சீப்பால் வாரினேன். காதுக்குப் பின்னால் விழுந்திருந்த சிக்கைக் கத்தரித்தேன். அம்மா தன் பவுடர் டப்பாவைக்கூடக் கொண்டுவந்து தந்தாள்.

அப்போது வாசலில் கார் நின்றது. அண்ணனின் மேலதிகாரி சுந்தரராமன் சாரும் அவருடைய சின்னப் பெண்ணும் இறங்கினார்கள்.

"ஐயோ, க்யூட்டா இருக்கு டாடி! இனிமே நம்ம வீட்லதானே இருக்கும்?"

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்: "குளிப்பாட்டுறது ஈஸி சார். முதல்ல குவளையை மோந்து பாக்க விடணும். அப்புறம் பின்னங்கால். காதுல பஞ்சு. தலையில ஊத்தவே கூடாது."

"பரவால்லையே, நாய் ட்ரெயினர் மாதிரி பேசுற!"

"எல்லாம் பழக்கம்தான் சார்."

"அமெரிக்கா ப்ராஜெக்டுக்கு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன், கவலைப்படாதப்பா."

சார் கையை நீட்டினார். பப்லு உறுமினான். அண்ணன் தொட்டபோதும் பல்லைக் காட்டினான்.

"சரிதா, இங்க வாடி. நீயே தூக்கிக் கார்ல வெச்சிடு" என்றான் அண்ணன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தூக்கினேன். அவன் என் கழுத்தை நக்கினான். பின்சீட்டில் வைத்ததும், நானும் ஏறுவேன் என்று நகர்ந்து இடம் விட்டான்.

கதவைச் சாத்தினேன்.

கார் தெருமுனை திரும்பியதும், "மூஞ்சைத் தூக்காத. வேற குட்டி வாங்கித் தரேன்" என்றான் அண்ணன். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. அம்மா ஈரத் துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

அம்மா துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.