சொல்ல வராத பெயர்

மறுநாள் நாய்க்குத் தடுப்பூசி. எடை நாற்பத்தெட்டு கிலோ, வயது நான்கு, நிறம் பழுப்பு என்று படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். பெயர் என்ற இடம்தான் காலி. காப்பகத்திலிருந்து அழைத்து வந்து ஒன்பது நாளாயிற்று. கன்றுக்குட்டி மாதிரி வீடு முழுக்க நடமாடும் ஒரு ஜீவனை இன்னும் "இந்தா, இங்க வா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணவர் அப்படிக்கூடக் கூப்பிடவில்லை. அவருக்குப் பேச்சு வரவில்லை.

இருபத்தெட்டு வருடம் வரலாறு நடத்திய வாய். ரோமாபுரியை அவர் எடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் காது கொடுப்பார்களாம். ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பக்கவாதம் வந்து அப்படியே சரிந்தார். கை கால் ஒருமாதிரி திரும்பி வந்துவிட்டன. பேச்சு மட்டும் போனது போனதுதான். பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் நாய் வளர்க்கச் சொன்னாள். "சின்னப் பேரா வைங்கம்மா. ஒரு நாளைக்கு இருபது தடவ சார் கூப்பிடட்டும்."

பெயர் ரோமப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து அவள் முன் வைத்ததிலேயே அது தெரிந்துவிட்டது.

"நீரோன்னு வைப்போமா? ரெண்டே எழுத்து. உங்க வாய்க்குச் சுலபமா வரும்."

"நீ... ரோ" என்று தெளிவாகவே சொன்னார். சொல்லிவிட்டு, தப்பு விடை எழுதிய பையனைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துத் தலையை அழுத்தமாக ஆட்டி மறுத்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"சொல்ல வர்ற பேரு வேணாம்னா எப்படிங்க?"

அவர் விரல் புத்தகப் பக்கத்தில் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நின்றது. அகஸ்டஸ், ரோமின் முதல் பேரரசர்.

"இத உங்களால சொல்ல முடியாதுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வைத்தியர் முன்னாலும் உறவுக்காரர் முன்னாலும் அவருக்குப் பதிலாகப் பேசிப் பேசி, அவரால் எது முடியும், எது முடியாது என்பதையும் தானே முடிவு செய்யப் பழகிவிட்டிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு "அ..." என்றார். நெற்றி வியர்த்தது. "அக..." அடுத்த எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. மீதியைத் தானே சொல்லிவிட அவளுக்கு உதடு துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பேனாவை எடுத்து, படிவத்தின் காலி இடத்தில் ஓர் எழுத்தும் குறைக்காமல் முழுப்பெயரையும் எழுதினாள்.

"அக... அகு..." அவர் இப்போது அவளைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அங்கே வெயிலை முழுதாக அடைத்துக்கொண்டு படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. ஒரு காது மட்டும் மெல்ல நிமிர்ந்தது.