தூண் இல்லாத டை

மனைவி கட்டிலில் பெரிய அதிகாரி மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் மைக்ரான். அது பட்டறையில் வைத்த பட்டப்பெயர். தலைமுடி அளவு பிசகினாலும் முகத்தைச் சுளிக்கிறவன். தகட்டை ஒரே அடியில் வெட்டி உருவம் கொடுக்கும் இரும்பு அச்சான டை செய்வது அவன் தொழில். மேல்பாதி இறங்கி, கீழ்ப்பாதிக்குள் இடிக்காமல் போக வேண்டும். கொஞ்சம் இடித்தாலும் முனை உடைந்து எல்லாம் பாழ்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெரிய தொழிற்சாலையில் அவனுக்கு இன்டர்வியூ. வேலை கிடைத்தால் மச்சானின் பட்டறைக்கும், அதற்கு மேலேயே மச்சான் ஒதுக்கித் தந்த இந்த அறைக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் இதே கதிதான். கீழே டையை மாட்டித் தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரம் ஓடினால் இங்கே சாப்பாட்டுத் தட்டு நடுங்கும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டும். மகளின் பள்ளிக்கூட விழா ஒன்றையாவது முழுசாகப் பார்த்திருக்கிறானா? கேட்காதீர்கள், பாவம்.

"அடுத்த கேள்வி," என்றாள் மனைவி. "நீங்க செஞ்ச டைய, நீங்க இல்லாதப்போ வேற ஆள் மாட்டணும்னா என்ன பண்ணி வச்சிருப்பீங்க?"

"மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் சேர்த்து ரெண்டு தூண் குடுப்பேன். தூண் காட்டுற வழியிலதான் மேல்பாதி எறங்கும். யாரு மாட்டினாலும் தப்பாது."

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷன், எங்க அண்ணன் பட்டறையில ஒரு டைக்கும் ஏன் தூண் போடல?"

அந்தக் கதையை நாமே சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில், தனக்கு முன்னால் இருந்த டை மேக்கரை, வேலை முடிந்ததும் மச்சான் கறிவேப்பிலையாய்த் தூக்கிப் போட்டதை இவன் கண்ணால் பார்த்தான். பார்த்துப் பயந்தான். அதிலிருந்து தூண் இல்லாமலேதான் டை செய்தான். செலவு மிச்சமென்று மச்சானுக்கும் வாயெல்லாம் பல். தூண் இல்லாத டையை ஒவ்வொரு தடவை பிரஸ்ஸில் மாட்டும்போதும் இடுக்கில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகி, செல்லமாகத் தட்டித் தட்டி நிறுத்த வேண்டும். அந்தப் பக்குவம் அங்கே இவன் கைக்கு மட்டும்தான் உண்டு. இனி என்னை யார் அசைப்பார் என்று மார்தட்டிக்கொண்டான். ஆப்பசைத்த குரங்கின் கதைதான்! இப்போது வாலை உருவத் தெரியாமல் விழிக்கிறது.

லீவு கேட்டதற்கு மச்சான் சனிக்கிழமையே கையை விரித்துவிட்டார்.

"கதவுக் கீல் ஆர்டர் ஓடுது மாப்ள. டை நகந்தா யாரு பார்ப்பா? காய்ச்சல்னா சொல்லு, கட்டிலோட கீழ எறக்கிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் ஆபத்து.

"இப்ப தூண் போட்டா என்னவாம்?" என்றாள் மனைவி.

"போட்டா நான் இல்லாமயே ஓடும். அப்புறம் உங்க அண்ணனுக்கு நான் எதுக்கு? இன்டர்வியூவும் ஊத்திக்கிச்சுன்னா?"

"அப்போ ஆயுசுக்கும் இங்கதானா?" என்றாள் அவள். அதுதான் அவனைக் கீழே இறக்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆளில்லாத பட்டறையில் கீல் டையின் இரண்டு பாதிகளையும் சரியாக நிறுத்தி இறுக்கினான். இரண்டு தட்டையும் சேர்த்தே துளைத்துத் தூண்களை இறக்கினான். வேலை அத்தனை சுத்தம். இவ்வளவு நாளும் தெரிந்தே அரைகுறையாய்ச் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

திங்கள் காலை மச்சான் வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, டைக்குக் கால் மொளச்சிருக்கு?"

"நாளைக்கு லீவு வேணும் மச்சான். நீங்களே மாட்டிப் பாருங்க."

ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாத மச்சான் மாட்டினார். பிரஸ் ஒரு அடி அடித்தது. கீல் பிசிறில்லாமல் விழுந்தது. இன்னொன்றும் அப்படியே. மச்சான் கீலைப் பார்க்கவில்லை. அலமாரியில் வரிசையாக இருந்த மற்ற டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்கெல்லாமும் இதே மாதிரி போடலாம்ல?"

"போடலாம் மச்சான்."

"வெளியில குடுத்தே போட்டுக்கலாமா?"

ஒரு பொய் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்குக்கூட அவனிடம் தெம்பு மிச்சமில்லை.

"போடலாம்."

மச்சான் அவன் தோளில் அன்பாகத் தட்டினார். "நாளைக்கு மட்டும் எதுக்கு மாப்ள? நல்லா ரெஸ்ட் எடு. தேவைப்பட்டா நானே கூப்பிடறேன்."

மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பத்து மணிகூட ஆகவில்லை. இந்த நேரத்தில் இந்த அறை எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

"லீவு குடுத்துட்டாரா?" மனைவிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"குடுத்துட்டாரு."

"நான்தான் சொன்னேன்ல! சரி, ஒரே ஒரு கேள்வி பாக்கி. வேலை குடுத்தா, எப்ப வந்து சேருவீங்க?"

"இப்பவே," என்றான்.

"ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாதுங்க. கையில வேற வேலை இல்லாத ஆளுன்னு நினைச்சிடுவாங்க," என்று அவள் சிரித்தாள்.