இரசாயன வாங்கில் இருந்த போத்தல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வாள். புத்தி அவ்வளவு கிட்டத்தில் இல்லை என்பதை நானே கண்டுபிடித்த நாள் ஒன்று உண்டு.

1989. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டுக்கு நான் டீச்சர். விஞ்ஞானம் என்றால் ஒரே பாடம் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு என்றதும் ஒருத்தி எழுந்தாள்.

"தோட்டத்த மேக்கணக்கு, கீக்கணக்குன்னு பிரிச்சிருக்காங்களே, அந்த மாதிரியா டீச்சர்?"

அப்படித்தான் என்று சொல்லி பிள்ளைகள் உட்காரும் மூன்று வாங்குப் பலகைகளை இழுத்துப் போட்டேன். உயிருள்ளவற்றைப் பற்றிப் படிப்பது உயிரியல். அசைவு, வெளிச்சம், சத்தம் எல்லாம் பௌதிகவியல். ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறினால் அது இரசாயனவியல். நாளைக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து சரியான வாங்கில் வைக்க வேண்டும். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஒரம், புல்லு மருந்து எல்லாம் இரசாயனந்தான்" என்று உதாரணம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. பௌதிக வாங்கில் ஒரு டோர்ச்சும் பம்பரமும். இரசாயன வாங்கில் சுண்ணாம்பு, உப்பு, துருப்பிடித்த ஆணி, இன்னும் சரியாகப் பார்க்காத ஏதேதோ. உயிரியல் வாங்கில் காலைக் கட்டி வைத்திருந்த கோழி பறந்து போய் டோர்ச்சின் மேல் உட்கார்ந்தது. "அதுவும் அசையுதுதானே டீச்சர்" என்று நியாயம் பேசினான் கொண்டுவந்தவன்.

இடைவேளையில் பள்ளிக்கூட அதிபரின் மேசைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். இரசாயன வாங்கின் பக்கத்தில் நின்று கமலாட்சி ஒரு சின்னக் கால் போத்தலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். பாதி காலி. மிச்சம் கருஞ்சிவப்பாக இருந்தது.

அவளுடைய அப்பா அழகமுத்து தோட்டத்தில் களை சாகப் புல்லு மருந்து அடிக்கிற ஆள். அந்த மருந்தும் அதே நிறந்தான். யாரோ சாராயப் போத்தலில் ஊற்றி வைத்திருந்ததைத் தெரியாமல் குடித்த ஒரு பெண்ணைப் போன வருடம் கீழ் லயத்து வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

போத்தலைப் பிடுங்கி வெளியே வீசினேன். வாசற்கல்லில் பட்டு நொறுங்கியது.

"டீச்சர், அது..."

"வாயத் தொற!"

இரசாயன வாங்கிலிருந்த உப்பையே தண்ணீரில் கரைத்து அவள் வாயில் ஊற்றினேன். வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தாள். இன்னொரு கோப்பை ஊற்றினேன். மறுபடி வாந்தி.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லை. அந்த வருடம் பஸ் ஓடாத நாட்கள்தான் அதிகம். வண்டி ஓடினால் கொளுத்துவோம் என்று எவரோ இரவில் ஒட்டிய துண்டுக்குப் பயந்து தோட்டத்து லொறிகூட அன்று அசையவில்லை. அழகமுத்துவுக்குச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் இரண்டு பேரை மலைக்கு அனுப்பிவிட்டு, கமலாட்சியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினேன். அரை மைல் இறக்கம். விஷத்தை வீட்டில் கொண்டுபோய் வைக்கிற மனிதனும் ஒரு தகப்பனா என்று வழியெல்லாம் அழகமுத்துவைத் திட்டினேன். கடவுளையும் கூப்பிட்டேன். இரண்டும் மாறி மாறி வந்தன.

மருந்துச்சாலையில் மருந்து கொடுக்கிற தியாகராஜா ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் பதறாதவர். பிள்ளையை மேசையில் உட்கார வைத்து வாயை முகர்ந்தார். நனைந்திருந்த சட்டையை முகர்ந்தார்.

"என்னத்தைக் குடிச்சவள்?"

"புல்லு மருந்துங்க ஐயா!"

இன்னொரு தரம் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது தேத்தண்ணி எல்லோ மணக்குது?"

"ஆமா, வெறும் சாயத்தண்ணி டீச்சர்" என்றாள் கமலாட்சி, தொண்டை கட்டிப்போன குரலில். "அப்பயிருந்து அதத்தான் சொல்ல வாறேன். நீங்க உட மாட்டேங்கிறீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், அழுதேன், அவள் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

"சாயத்தண்ணிய ஏன்டி இரசாயன வாங்குல வச்ச?"

"கொழுந்து பச்சையாத்தானே இருக்கு? ஸ்டோருல அரைச்சுக் காய வச்சா கறுத்துருது. சுடுதண்ணியில போட்டா தண்ணி செவந்துருது. ஒண்ணு இன்னொண்ணா மாறுனா இரசாயனம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொறகு ஏன் குடிச்ச?"

"பசிச்சிச்சு. காட்டுறதுக்குப் பாதி போதுந்தானே?"

வகுப்பில் வேறு எவருக்கும் தோன்றாத விடை. அதைத்தான் நான் வாசற்கல்லில் உடைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஒருக்கா மணந்து பாத்திருந்தா முடிஞ்ச அலுவல்" என்றார் ஐயா. "உப்புத்தண்ணியைக் கனக்கக் குடுத்தாலும் ஆபத்து, தெரியுமோ?" முதலில் அவதானி, பிறகு முடிவு செய் என்று வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியவள் நான்.

கமலாட்சி ஐயா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும்போது அழகமுத்து வந்து சேர்ந்தார். மலையிலிருந்து ஒரே ஓட்டமாக வந்திருக்க வேண்டும். முழங்காலில் இரத்தம். வாசலில் நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணே, ஒண்ணுமே இல்ல! சாயத்தண்ணிதான் குடிச்சிருக்கா. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கோபம் இல்லை. "மருந்துப் போத்தல நான் வீட்டுப் பக்கம் கொண்டாரதே இல்ல டீச்சர்" என்றார்.

தெரியும் என்று சொல்ல எனக்கு ஆசை. தெரிந்திருக்கவில்லையே.

"அப்பா" என்று கமலாட்சி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவர் கிட்ட வரவில்லை. தம் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, சவுக்காரம் இருக்குங்களா?"

வெளியே பைப்படியில் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். கைகளை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் கழுவினார். மருந்து பட்டிருந்த சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். பிஸ்கட்டைப் பிடித்தபடி கமலாட்சி பொறுமையாகக் காத்திருந்தாள். தினமும் இப்படித்தான் காத்திருப்பாள் போல. மூன்றாவது தரமும் கழுவிய பிறகுதான் அவர் உள்ளே வந்து மகளைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் அழுதார்.