தந்தையின் பிறந்த தேதி நம்பும்படி இல்லை

1

இந்தக் கதை ஒரு சிவப்பு வரியால் வந்தது. இணையத்தில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டு முகவரியே தவறு என்றது அந்தச் சிவப்பு வரி. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் நிரப்பிக்கொண்டிருந்தேன். இதை எழுதிய புண்ணியவான் யாரென்று திட்டத் தொடங்கினேன், கதாநாயகி கிடைத்துவிட்டாள்.

முதல் தொடக்கம்: 'மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள் மனம்...'

(கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு மழை எதற்கு? அடித்துவிட்டேன்.)

2

அவள் புரோகிராமர். ஆபீசில் பட்டப்பெயர் கறார். அந்த ஆபீஸ் ஊழியர்கள் தங்கள் குடும்பத்தாரை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கும் தளத்தில், உள்ளே வரும் தகவல்களைச் சோதிப்பது அவள் வேலை. பெயர் காலியாக இருக்கக்கூடாது, தேதி தேதியாக இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ரெடிமேட் விதிகள் உண்டு. ஒரு தகவலை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க, சொந்தமாகத்தான் எழுத வேண்டும். எழுதினாள்: உறவு 'தந்தை' என்றால், ஊழியரைவிடப் பதினைந்து வயதாவது மூத்திருக்க வேண்டும். இல்லையேல் சிவப்பில், 'தந்தையின் பிறந்த தேதி நம்பும்படி இல்லை.'

கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாமே என்றார், அவள் எழுதியதைச் சரிபார்க்கும் டெஸ்டர். தேதிக்கு என்ன மரியாதை என்றாள்.

(இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் அம்மா மறுமணம் செய்துகொண்டவர். கணவர் லிஃப்ட் மெக்கானிக்; மகளைவிட ஏழே வயது மூத்தவர். விதியை எழுதும்போது அவர் உன் நினைவில் இருந்தாரா என்று கேட்டேன். முறைத்தாள்.)

3

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது வீட்டில் பெரிய சிக்கல். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணா என்றால் அம்மாவின் கதி? 'இங்க பாருங்க', 'கேட்டுச்சா' என்றே வண்டி ஓடியது. அவரும் முகம் சுளிக்காமல், சொல்லும்மா என்பார்.

அவருக்கு ஒரு கண்ணில் விழித்திரை கிழிந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்றார் டாக்டர். காப்பீட்டில் ஆள் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். அம்மா பக்கத்தில் உட்கார, உறவில் 'தந்தை' என்று மகள் நிரப்பி அனுப்பினாள். சிவப்பு வரி வந்தது. அம்மா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"உன் மெஷினுக்கு அவரப் பிடிக்கலையா, உனக்கா?"

எல்லோருக்கும் பொதுவாக எழுதிய விதி என்று விளக்கப் பார்த்தாள். அடுத்த அறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்: "தேதிய மாத்திப் போட்டுடும்மா. பாக்க வயசானவன் மாதிரிதானே இருக்கேன்."

அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. பொய்த் தேதி போட்டால் அவளுடைய விதி பல்லிளித்துக்கொண்டு வழிவிடும். உண்மையை மட்டும் வாசலில் நிறுத்தும். டெஸ்டரைக் கூப்பிட்டு, தான் தப்பாக எழுதிவிட்டதாகச் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்; பெரிய மனசு. அன்றே விதி போயிற்று. உண்மைத் தேதியோடு லிஃப்ட் மெக்கானிக் காப்பீட்டுக்குள் போனார்.

'அப்பா என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் எத்தனை...'

(போதும்.)

4

ஆபரேஷன் முடிந்தது. கண் பிழைத்தது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

முடிவுக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. கட்டுப்போட்ட கண்ணோடு இருப்பவரை அவள் அப்பா என்று கூப்பிட, எல்லோரும் அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது. அல்லது, உறவுப் பட்டியலில் 'அம்மாவின் கணவர்' என்று ஒன்றைச் சேர்க்கிறாள். துல்லியம்தான், அம்மா வீட்டைவிட்டுத் துரத்துவார்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. வார்டு வாசலில் நர்ஸ், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவோடு நிற்கிறார். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வார். அவள் வாயைத் திறந்துவிட்டாள். என்ன சொல்லை என்று நீங்களே சொல்லுங்கள்.