விளங்கேல்லை, ரீச்சர்

மீன்பிடிக் கிராமமான மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கமலாவதியைச் சுன்னாகத்துக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் சேர்த்தபோது அதிபர் ஒரு நிபந்தனை வைத்தார். தவணைப் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால் ஆறாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார். அவளுடைய தம்பி படிப்பதும் ஆறாம் வகுப்பில்தான்.

ஷெல்லடிக்குப் பயந்து அவள் குடும்பம் ஊரூராய் அலைந்த மாதங்களில் இங்கே அட்சரகணிதம் தொடங்கியிருந்தது. எண் இருக்கவேண்டிய இடத்தில் ஏன் எழுத்து நிற்கிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. பாடம் முடிய, "விளங்கினதோ?" என்று பாலேஸ்வரி ரீச்சர் கேட்பார். "ஓம் ரீச்சர்" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். கமலாவதியும் சொல்வாள். அந்த ஒரு சொல்லில்தான் அவள் மற்றவர்களோடு சேர்ந்திருந்தாள். மற்ற நேரங்களில் அவளோடு கதைக்க ஆளில்லை.

வருகிற கிழமை பரீட்சை என்று ரீச்சர் அறிவித்த அன்று அவளுக்கு அந்தச் சொல் வரவில்லை. எழுந்து நின்றாள்.

"எனக்கு விளங்கேல்லை, ரீச்சர்."

"மீன்காரிக்கு என்னத்துக்குக் கணக்கு?" என்றான் பின்வரிசை வாங்கில் இருந்த தில்லைநாதன். வகுப்பு சிரித்தது. அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

பக்கத்திலிருந்த பத்மாவதி எழுந்தாள். கணக்கில் எப்போதும் முதலாவதாக வருகிறவள்.

"எனக்கும் விளங்கேல்லை, ரீச்சர்."

சிரிப்பு நின்றது. ரீச்சர் பத்மாவதியைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சோக்கை எடுத்தார்.

"ஒரேயளவாய்க் கட்டின மூண்டு பிடி வெங்காயமும் உதிரியாய் ரண்டும் இருக்கு. எல்லாமாய்ப் பதினேழு. ஒரு பிடியிலை எத்தினை எண்டு தெரியாது. அந்தத் தெரியாததுக்குத்தான் எழுத்துப் போடுறம்."

"கூறு மாதிரியோ, ரீச்சர்?" கமலாவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்கடை கரையிலை மீனை ஒரேயளவாய்க் கூறு போட்டு விப்பினம். உதிரி ரண்டைக் கழிச்சால் பதினைஞ்சு. அப்ப ஒரு கூறு அஞ்சு."

"ஓம் பிள்ளை. நீரே வந்து எழுதும்."

பள்ளிக்கூடம் விட்டபின் அவள் பத்மாவதியிடம் கேட்டாள்.

"உனக்கு உண்மையா விளங்கேல்லையோ?"

"போன கிழமையே விளங்கீட்டுது."

"அப்ப ஏன் பொய் சொன்னனீ?"

"நீ தனிய நிண்டாய்."

அந்தப் பொய்யைப் பிள்ளையார் பொறுத்திருப்பார்.

சந்தியில் பத்மாவதி பிரிந்து போனாள். மூன்று குடும்பங்கள் நெருங்கியிருந்த வீட்டின் ஒரு மூலையில் கமலாவதி அடுத்த பயிற்சியைத் திறந்தாள். முதற்கணக்கே தடுத்தது. புத்தகத்தை மூடாமல், எந்த வரியில் தடுத்தது என்று தேடினாள். நாளைக்கு அதைத்தான் கேட்கவேண்டும்.

பரீட்சையில் மட்டுமட்டாகத் தேறினாள். அதிபர் அவளை ஏழாம் வகுப்பிலேயே விட்டார். அதைச் சொல்ல அவள் பத்மாவதியைத் தேடிப் போனாள்.