தகடு மாறிய எஞ்சின்

பெயிண்டைக் காட்டி எஞ்சினை அடையாளம் கேட்கிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் ஒரு போட்டோ அனுப்புவான். மஞ்சளாக ஏதோ தெரியும். "அண்ணே, இது எந்த வண்டி, பார்ட்ஸ் கெடைக்குமா?" என்பான். பெயிண்டையா ஓட்டப்போகிறான்? பிளாக்கைத் துடைத்து, வார்ப்பிலேயே இருக்கிற எழுத்தை எடுத்து அனுப்புடா என்று கத்துவேன். டயர் இல்லாமல் இரும்புச் செயினில் ஊர்ந்து போகிற பழைய டோசருக்குச் சாமான் வேண்டுமென்றால், விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டைக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கொளஞ்சிநாதன் ஷெட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

டோமினிக் என் கூட்டாளி. கருவேப்பிலங்குறிச்சிக்காரன். களிமண் குழிகளில் பழைய ரஷ்ய டோசர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். பெரிய எஞ்சினைக் கிளப்ப அதன் பக்கத்திலேயே ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் இருக்கும். அந்தச் சனியன் அவன் கைக்குத்தான் மசியும், வேறு எவன் தொட்டாலும் முரண்டு பிடிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேற்கே மலையில் ரோடு போடுகிற வேலைக்கு அவனையும் வண்டியையும் சேர்த்தே கூட்டிப்போனார்கள்.

மகள் அனிஷாவுக்கு மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை வைத்திருந்தார்கள். லீவு இல்லை, வர முடியாது என்று அவன் போனில் சொல்ல, அவன் மனைவி லீமா, "வராட்டி போ. இனிமே இந்த வூட்டுப் பக்கமே வராத" என்று வைத்துவிட்டாள். மறுநாள் அந்த மலை சரிந்து ஆற்றோடு போயிற்று. டோமினிக் முந்தின நாளே வண்டியோடு வேறு சைட்டுக்குப் போய், அங்கிருந்து சொல்லாமல் கிளம்பிவிட்டான் என்று காண்ட்ராக்டர் சொன்னான். லீமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் கோபித்துக்கொண்டு எங்கேயோ இருக்கிறான், அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தப் பக்கத்து இரும்பு என் ஷெட்டுக்கு வந்தால் அவளும் வந்துவிடுவாள். பொம்மை வார்க்கிற கம்பெனியில் வேலை. கையெல்லாம் களிமண் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். வண்டியின் எஞ்சினில் அடித்திருக்கிற நம்பர் தகட்டை டோமினிக் எப்போதோ எடுத்து அனுப்பிய போட்டோ அவள் போனில் இருந்தது. அதை வைத்து ஒத்துப் பார்ப்பாள். "உம் புருஷன் எங்கியாச்சும் பிரியாணி தின்னுக்கிட்டு இருப்பான், போய் வேலையப் பாரு" என்று திட்டி அனுப்புவேன். சிரித்துக்கொண்டே போவாள்.

போன வாரம் லாரியில் ஓர் எஞ்சின் வந்தது. சரிவுக்குக் கீழே ஆற்றில் கிடந்த இரும்பு என்றான் கொண்டுவந்தவன். சேறு இறுகிப் போயிருந்தது. முன்பக்கம் சுரண்டினேன். லாரி வாட்டர் பம்ப் ஒன்று, நடுவில் ஒரு பட்டையான இரும்புத் துண்டு வைத்துப் பொருத்தியிருந்தது. அந்தத் துண்டை அறுத்து, அரம் போட்டு உட்கார வைத்தது நான். பக்கத்தில் நின்று என்னை நக்கலடித்துக்கொண்டிருந்தவன் டோமினிக்.

எஞ்சினின் மேல்மூடி ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டர் உள்ளே மண், பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. நின்றுபோன எஞ்சினுக்கு ராடு வளையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்தால்தான் இப்படி ஆகும்.

மத்தியானம் லீமா வந்தாள். நேராகத் தகட்டின் முன்னால் குனிந்தாள், போனைப் பார்த்தாள்.

"இது இல்ல அண்ணே. நம்பரு வேற." முகம் மலர்ந்துவிட்டது.

பழைய இரும்பு விற்கிறவர்கள் பேப்பருக்குத் தோதாகத் தகட்டைக் கழற்றி மாட்டிவிடுவார்கள். அது எங்கள் தொழிலில் சகஜம். அவளுக்கு அதை யார் சொல்வது? "ஆமாம், போ" என்று சொல்லியிருக்கலாம்.

"உக்காரும்மா. டீ சொல்றேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எப்பவும் திட்டித்தான அனுப்புவீங்க. இன்னிக்கு இன்னா உக்காரச் சொல்றீங்க?"

துணியை எடுத்து அந்தப் பம்பைத் துடைத்தேன்.

"நம்பரு வேறதான அண்ணே?"

"தகடுதாம்மா வேற. எஞ்சினு அவன் ஓட்டுனதுதான். அந்தப் பம்ப நானே மாட்டுனது."

"அப்ப வண்டிய அங்கியே வுட்டுட்டுப் போயிருப்பாரு."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே மண்ணு உள்ள பூந்திருக்குது, லீமா."

"வேற யாராச்சும் ஓட்டியிருப்பாங்க."

"அத அவனத் தவிர எவன் கெளப்புவான்?"

நஷ்டஈட்டுக்குப் பயந்து பொய் சொன்ன காண்ட்ராக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. எஞ்சின்மேல் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"கோவமா இருக்காருன்னுதான நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "வரட்டும், வந்து கெஞ்சட்டும், ஒரு வாரம் பேசக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் போனாங்க. உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்கு மெழுகுவத்தின்னு நான் வூட்லயே இருந்துட்டேன்."

கடைப்பையன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"செத்தவருகிட்டயா அண்ணே நான் ரெண்டு வருசமா சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்?"