மூன்றாம் அலசல்

1

இந்தக் கதை ஒரு படுக்கை விரிப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ பெரிய அரசியலை யோசித்து எழுத உட்கார்ந்தேன் என்று பின்னால் யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அனல்மின் நிலையம். மாடிக் கொடியில் வெள்ளைத் துணி போட்டால் எடுக்கும்போது அது வெள்ளையாக இருக்காது. நிலக்கரிச் சாம்பல் சத்தமில்லாமல், யாரோ மேலே உட்கார்ந்து மாவு சலிப்பதுபோல, இறங்கிக்கொண்டே இருக்கும். உதறி மடித்துக்கொள்வோம். அன்று மத்தியானம் விரிப்பை எடுத்து வழக்கம்போல உதறினேன். ஒன்றும் பறக்கவில்லை. இரண்டு உலைகளில் ஒன்றைக் காலையில் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. காற்று எதையோ எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பதுபோல இருந்தது.

பக்கத்துக் கொடியருகே கீழ் வீட்டுப் பெண் நின்றிருந்தாள். காய்ந்த துணியை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

"இதுக்குத்தான்க்கா வீடு வீடா ஏறி எறங்கி கையெழுத்து வாங்கினேன்," என்றாள். அதை மடித்தாள். பிறகு, "இனிமே எங்ககிட்ட யாரு துணி போடுவா," என்றாள்.

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். நான் கீழே வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "புகைபோக்கியின் நிழல் ஊரின் மேல் ஒரு கடிகார முள்ளைப்போல நகர்ந்துகொண்டிருந்த..."

(வேண்டாம். அவள் வேலை பார்க்கும் கூடத்தில் ஜன்னலே கிடையாது. அவள் எந்த நிழலைப் பார்த்தாள்?)

இரண்டாவது: "மூடப்போகும் ஆலைகள் கடைசி நாட்களில் கனவு காணும் என்று..."

(இது நான் காணும் கனவு. ஆலைக்கு ஏன் கட்டிவிட வேண்டும்?)

நேராகவே சொல்கிறேன். மின் நிலையத்துக்குள் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்களின் நீலச் சீருடைகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. ஆள் உயரத்துக்குச் சுழலும் இயந்திரங்கள். முதல் அலசலில் தண்ணீர் கறுப்பாக வரும். இரண்டாவதில் சாம்பல் நிறம். மூன்றாவதில்தான் தண்ணீர் தண்ணீராக வரும். துணி உலர்த்தவும் தேய்க்கவும் வேண்டிய நீராவி, மின்சாரம் செய்கிற அதே உலையிலிருந்து குழாய் வழியாக வருகிறது. அதனால் கூடத்துக்குள் எப்போதும் ஒரு மேகம் நிற்கும். பெண்கள் அதற்குள் தோன்றி மறைவார்கள். பேச்சு மட்டும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

என் கீழ் வீட்டுப் பெண்ணை அங்கே 'நுரை' என்று கூப்பிடுகிறார்கள். சோப்பைக் குறைத்துப் போடச் சொன்ன மேற்பார்வையாளரிடம், நுரை வராமல் அழுக்கு எப்படிப் போகும் என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டு ஜெயித்ததில் வந்த பெயர்.*

அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. படியேறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். அதனால்தான் நிலையத்தை மூடச் சொல்லிக் கையெழுத்து கேட்டு வந்தவர்களோடு அவளும் சேர்ந்தாள். அங்கே வேலை பார்க்கும் பெண்களில் அவள் ஒருத்திதான் அப்படிச் சேர்ந்தது.

* சட்டைப் பைகளில் கிடைப்பவற்றையும் அவள்தான் எடுத்துவைப்பாள். திருகாணிகள், இருமல் மிட்டாய், ஒரு முறை யாரோ ஒருவரின் குழந்தை வரைந்த யானை. யானையைத் தேய்ப்புப் பலகையில் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தாளாம். கதைக்கு இது தேவையில்லை. எடுத்துவிட மனம் வரவில்லை.

3

அவளுடைய அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன்.

அண்ணனுக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. நிலக்கரிக் குவியலுக்கு மேலே நகரும் கிரேன் ஓட்டுகிறார். அந்த உயரத்தால் அவருக்கு 'மேலண்ணன்' என்று பெயர். தொழிற்சங்கச் செயலாளரும் அவரே. மூடுவது என்று முடிவானதும் நிர்வாகத்தோடு பேசியவர் அவர்தான். நன்றாகவே பேசினார். நிலக்கரி முற்றம் இருக்கும் இடத்தில் சோலார் பலகைகள் வரப்போகின்றன. நிரந்தரத் தொழிலாளிகள் எல்லோருக்கும் அதில் பயிற்சி, பிறகு வேலை, அதுவரை சம்பளம். சலவைக்கூடத்துப் பெண்களும் கேன்டீன் பெண்களும் மட்டும் அதில் இல்லை. அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். காகிதத்தின்படி அவர்கள் அங்கே வேலை பார்க்கவே இல்லை.

"சங்கச் செயலாளர் நாற்காலியில் சாய்ந்து, மோதிர விரலால் மேசையைத் தட்டியபடி..." என்று எழுதி நுரையிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"எங்கண்ணன் மோதிரம் போட்டதே இல்லக்கா. நாள் பூரா லீவர் புடிக்கற கை, மோதிரம் எப்படிப் போடும்?"

"சரி, மோதிரத்தை எடுத்துடறேன்."

"மோதிரத்தை மட்டும் எடுத்தா போதாது. எனக்கு மூச்சு நின்னு போனப்ப முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவரு அவரு. கெட்டவரு இல்ல. அவ்ளோ ஒசரத்துலருந்து பாக்கறாருல்ல, நாங்கல்லாம் புள்ளியாத் தெரியறோம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கும்.

4

லீவு நாளில் அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்தார். நல்ல செய்தி கொண்டுவருகிறவரின் நடை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. (ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். எழுதுகிறவர்கள் படியில் உட்காருவார்கள்.)

"உங்களுக்கும் பேசிட்டேம்மா," என்றார். "சோலார் பேனல்ல தூசி படிஞ்சா கரண்டு கொறையுமாம். அடிக்கடி கழுவணும். அந்த வேலையை உங்க ஆளுங்களுக்கே குடுக்கறேன்னுட்டாங்க."

"சம்பளம் யாரு குடுப்பா?"

"கான்ட்ராக்டர்தான்."

"உங்களுக்கு?"

"எங்களுக்கு ட்ரெய்னிங் இருக்குல்ல. அது வேற."

நுரை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கழுவுற வேலைன்னா எங்க ஞாபகம் வருது. கத்துக்கற வேலைன்னா வரலியாண்ணே?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் எவ்ளோ பேசியிருக்கேன்னு உனக்குத் தெரியாது. மூடணும்னு நீ கையெழுத்து வாங்கிட்டுத் திரிஞ்சப்ப சங்க ஆபீஸ்ல நான் எப்படி உக்காந்திருந்தேன் தெரியுமா? உன் தங்கச்சியே நம்ம சோத்துல மண்ணு அள்ளிப் போடறாளேன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க."

"மூடச் சொன்னது நான்தான். இப்பவும் மூடத்தான் சொல்றேன். எங்களை உள்ள வெச்சுப் பூட்டச் சொல்லலை."

அண்ணன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, "இழுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இப்பக் கொஞ்சம் பரவாயில்ல. ஒரு உலை நின்னிடுச்சுல்ல," என்றாள். அவர் என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை.

5

மறுநாள் சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். ஆனால் நீராவிக் குழாயைத் திறக்கவில்லை. முக்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். மேகம் இல்லாத கூடத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி முழுசாகப் பார்த்தது அன்றுதான் என்று நுரை சொன்னாள். "இத்தனை வருஷம் பக்கத்துல நின்னவளுக்கு கன்னத்துல மச்சம் இருக்கறதே தெரியாதுக்கா."

மேற்பார்வையாளர் வந்து, இப்படியே உட்கார்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

"அதுக்குத்தானே ஏற்கெனவே தேதி குறிச்சிருக்கீங்க," என்றாள் மச்சக்காரி.

துணி மலைபோல் குவிந்தது. ஆண்கள் தங்கள் சீருடையைத் தாங்களே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதாயிற்று. அந்த வாரம் தொழிலாளர் குடியிருப்பின் சாக்கடைகளெல்லாம் கறுப்பாக ஓடின. குளியலறைத் தரை, வாளி, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை என்று எல்லாவற்றிலும் மெல்லிய ஒரு சாம்பல் கோடு. அதுவரை ஆலைக்குள்ளேயே கழுவி அனுப்பப்பட்ட ஒன்று முதல்முறையாக வீடு வந்து சேர்ந்தது.

(அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மேசையிலேயே தூங்கிப்போனேன். நீலச் சீருடைகள், உள்ளே ஆளில்லாமல், வரிசையாகத் தெருவில் நடந்து போயின. கைகள் காற்றில் மிதந்தன. அவை எங்கே போகின்றன என்று கேட்க நான் ஜன்னலைத் திறந்தேன். திறக்கத் திறக்க இன்னொரு ஜன்னல் வந்துகொண்டே இருந்தது. விழித்தபோது கன்னத்தில் இந்தக் கதையின் மை ஒட்டியிருந்தது.)

ஒரு சாயங்காலம் அண்ணி வந்தாள், மேலண்ணனின் மனைவி. கைகளை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"மூணு தடவை அலசிட்டேன். இன்னும் வருது," என்றாள். "நீ தினமும் இதையா உள்ள இழுத்துட்டிருந்த?"

நுரை எழுந்து உள்ளே போனாள். எண்ணெய் எடுத்துவந்து அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பாதி துடைக்கும்போதே அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது; கூடவே இருமலும்.

"அவரோட சட்டையை இனிமே நான் தொடமாட்டேன்," என்றாள் அண்ணி. "அப்படியே போட்டுட்டுப் போகட்டும்."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பேச்சு கேட்டது.

6

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் நாளில் நான் அங்கே இல்லை. நுரையும் அண்ணியும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நிலையத்துக் கூட்ட அறையில் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். ஆண்கள் துவைக்காத சீருடையில் வந்தார்கள். துணி விறைத்து, நடக்கும்போது அட்டைபோல உரசியது. நிர்வாகத்து அதிகாரி நாற்காலிகளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், உட்காருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்களாகவே உட்கார்ந்தார்கள். பின்சுவரோரம் சலவைக்கூடத்துப் பெண்களும் கேன்டீன் பெண்களும், கூடவே அண்ணியும் நின்றார்கள்.

மேலண்ணன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டார்.

"தொழிலாளின்னு போட்டிருக்கற எடத்துல ஒரு திருத்தம் வேணும்," என்றார். "இந்தச் சட்டையைப் போட்டவங்க மட்டும்னு இருக்கக் கூடாது. இதைத் தொவச்சவங்களும் வரணும். எங்களுக்குச் சாப்பாடு போட்டவங்களும்."

அவர் குரல் உடைந்தது என்கிறாள் அண்ணி. உடையவில்லை, தொண்டையில் சாம்பல் என்கிறாள் நுரை. (இரண்டையும் விட்டுவைக்கிறேன்.)

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இந்த ஒரு வரியைத் திறந்தா மொத்தத்தையும் திறந்தாகணும். உங்க ஆளுங்களுக்கு உறுதியானதும் கைவிட்டுப் போகலாம். யோசிச்சுக்கங்க."

முன்வரிசையில் இருந்த உலைக்காரர் எழுந்தார். மேலண்ணனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். வீட்டில் அவர் மனைவி படுத்த படுக்கை. "போட்டுடுப்பா," என்றார். "எங்களுக்கு இன்னொரு தடவை காத்திருக்கத் தெம்பில்ல."

மேலண்ணன் கையைத் தூக்கினார். திருத்தம் வேண்டும் என்பவர்கள் தூக்கலாம் என்று அர்த்தம். ரொம்ப நேரம் அந்த ஒரு கைதான் இருந்தது. பிறகு இங்கொன்று அங்கொன்றாக எழுந்தன. பாதியை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. உலைக்காரர் கடைசிவரை தூக்கவில்லை. அவரைத் தவறு சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. நண்பர்கள் இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

அதிகாரி காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வெள்ளை உறைகளில் மனிதர்கள் உட்கார்ந்திருந்த வடிவங்கள் சாம்பலாகத் தங்கின.

7

அதற்குப் பிறகு நிர்வாகத்திடமிருந்து பதில் வரவில்லை. இரண்டாவது உலையும் சீக்கிரம் நின்றுவிடும். வாசல் கேட்டருகே பெண்களும் ஆண்களும் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இங்கே முடிவு தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முடிவு: நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. நுரை சோலார் பலகையின் அடியில் மல்லாந்து படுத்து இணைப்பை முடுக்குகிறாள்; நெஞ்சு முட்டக் காற்றை இழுக்கிறாள். படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு," என்றாள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

இரண்டாவது: எல்லாம் போகிறது. மேலண்ணன் தெருவில் தலை குனிந்து நடக்கிறார், உலைக்காரர்... (இதை அவளிடம் படிக்கவில்லை.)

மூன்றாவது: சலவைக்கூடத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேன்டீனைச் சேர்க்கவில்லை. கையெழுத்துக்குப் பேனாவை நுரையிடம் நீட்டுகிறார்கள்.

இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படி வந்தா நான் போட்டுடுவேனோன்னு பயமா இருக்குக்கா," என்றாள். "அப்ப நானும் கிரேன்ல ஏறி உக்காந்துட்ட மாதிரிதானே."

என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்தாள்.

"முடிச்சு எழுதாதீங்க," என்றாள். "நல்லதா முடிச்சா படிக்கறவங்க நிம்மதியாப் போயிடுவாங்க. கெட்டதா முடிச்சா அழுதுட்டுப் போயிடுவாங்க. ரெண்டுலயும் போயிடறாங்கல்ல. நாங்க இன்னும் அங்கதான் உக்காந்திருக்கோம்."

இந்த வரியை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் மறுபடி கதவருகே நிற்கிறாள். இன்று சாயங்காலம் அவளுடைய முறை. கூட உட்கார வேண்டிய மச்சக்காரிக்குக் காய்ச்சலாம்.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க, வாங்களேன்."

"எழுதிட்டிருக்கேன்."

"அதான்."

செருப்பைத் தேடுகிறேன். வாசகரே, நாற்காலி காலியாக இருக்கிறது. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்து போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பி, பின்சுவரோரம் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று